எட்டாம் பிளாக்கின் வயர்ப்பூ

உடுமலைக்கு மேற்கே, கணவாய்க் காற்று நேராக வந்து மோதுகிற பொட்டலில், வரிசை வரிசையாகக் காத்தாடிகள் நின்று ஓயாமல் கரண்டு அரைத்துக்கொண்டிருக்கிற ஓர் ஊரின் ஓரத்தில் இருந்தது அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் எட்டாம் பிளாக்கில், தரைத்தளத்து வீட்டில், இட்லி மாவு அரைத்து விற்கிற துளசிமணியின் சமையலறையில், ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் காலையில், கிரைண்டர் வயர் பிளக்கோடு போய்ச் சேருகிற கழுத்துப் பகுதியில் ஒரு பூ பூத்திருந்தது. செங்கல் நிறத்தில் நாலு இதழ். நடுவில் தாமிரக் கம்பியைப் பிரித்துவிட்டது போல மெல்லிய மகரந்தத் தண்டுகள். தொட்டால் அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தையின் கன்னம் மாதிரி கதகதவென்று இருந்தது.

துளசிமணி ஊறின அரிசியைக் கழுவி எடுத்து வந்தவள் அதைப் பார்த்தாள், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டிலேயே பூத்திருக்கிறதே என்று பறித்து முருகன் படத்தில் வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டு கிரைண்டரைப் போட்டாள். அவ்வளவுதான். பூ பூத்ததில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் முன்னறையிலிருந்து அவள் கணவர் கிட்டுசாமி, "ஏன் மணி, இன்னைக்கு என்ன பூ வாங்கினே, வாசம் இங்க வரைக்கும் வருது" என்று கேட்டபோது அவள் கையிலிருந்த அரிசிச் சட்டி நழுவித் தரையெல்லாம் அரிசி ஆயிற்று.

ஏனென்றால் கிட்டுசாமிக்கு மூக்கு செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஊரையே முடக்கிப்போட்ட அந்தப் பெரிய காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கு உயிர் திரும்பி வந்தது, வாசம் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து சக்கர நாற்காலிக்கு வந்தபோதுகூட அவர் அவ்வளவு கலங்கவில்லை, காலுக்குச் சக்கரம் இருக்கிறது, மூக்குக்கு என்ன வைப்பது என்று மட்டும் கேட்டார். மல்லிகையும் ஒன்றுதான் மண்ணெண்ணெயும் ஒன்றுதான் அவருக்கு. பால் பொங்கிக் கருகினாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டைச் சுவர் பார்த்துச் சாப்பிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து முருகன் படத்தின் முன்னால் நிறுத்தி, கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார். கண்ணின் ஓரத்தில் தண்ணீர் கட்டியது.

"எப்படிங்க இருக்குது?" என்றாள் துளசிமணி.

"என்னன்னு சொல்றது அம்மிணி. ஏலக்காய் மாதிரியும் இருக்குது, மழை வர்றதுக்கு முன்னால வர்ற காத்து மாதிரியும் இருக்குது. நீ கண்ணாலம் கட்டி வந்த புதுசுல உன்ற பொட்டியத் தொறந்தா வருமே, அது மாதிரியும் இருக்குது."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

அடுத்த வாரத்துக்குள் எதிர்வீட்டு நஸீமாவின் டோஸ்டர் வயரில் ஆரஞ்சு நிறத்தில் பூத்தது. மூன்றாம் மாடி ரெஜினா டீச்சரின் கெட்டிலில் பால் வெள்ளையில் பூத்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாச்சிமுத்து வீட்டில், மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, ஓவன், பழம் பிழிகிற மெஷின் என்று எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி வைத்திருந்த மேடையில், கொத்துக் கொத்தாக, பூக்கடைக் கூடையைக் கவிழ்த்துவிட்டது போலப் பூத்தது. எட்டாம் பிளாக்கின் பெண்கள் அதற்கு வயர்ப்பூ என்று பேர் வைத்தார்கள், தலையில் வைத்தார்கள், சாயங்காலம் வரை வாடவில்லை என்று மெச்சிக்கொண்டார்கள். உச்சந்தலை கொஞ்சம் சூடாக இருக்கிறது, ஆனால் காத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது என்றாள் நஸீமா. சைக்கிளில் மல்லிகை கொண்டுவருகிற பழனாத்தா இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டு மூன்றாம் நாள் தானே வயர்ப்பூ வாங்கி ஒரு முழம் தொடுத்துக்கொண்டு போனாள்.

பிள்ளையார் கோயில் பூசாரிக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது, மண்ணில் வேர் விடாத பூவைச் சாமிக்குப் போடலாமா என்று. சாமியிடமே கேட்டுவிடலாம் என்று முடிவாகி, பிள்ளையாரின் இரண்டு தோளிலும் ஒவ்வொரு பூவை வைத்துவிட்டு, எந்தப் பக்கத்துப் பூ முதலில் விழுகிறது என்று பார்க்க எல்லாரும் கையெடுத்து நின்றார்கள். வலது தோளில் வைத்ததும் விழவில்லை, இடது தோளில் வைத்ததும் விழவில்லை, பிள்ளையார் யோசித்துக்கொண்டே இருந்தார். பூசாரிக்கு வேறு வீட்டில் விசேஷம் இருந்ததால், சரி என்று எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மின்வாரியத்து ஆள் ஒருவர் மீட்டர் பார்க்க வந்தபோது அவரிடமும் காட்டினார்கள். பூவை மோந்து பார்த்து, சட்டைப் பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, இது எங்கள் டிபார்ட்மெண்டில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எது நிறையப் பூக்கும் என்பதை எட்டாம் பிளாக் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துக்கொண்டது. தனியாகச் சுவரில் சொருகின வயர் பூக்கவில்லை. ஒரே பாக்ஸில் மூன்று நாலாகச் சொருகினால் பூத்தது. புது வயர் பூக்கவில்லை, தோல் வெடித்து உள்ளே கம்பி தெரிகிற பழைய வயர், டேப் சுற்றின வயர், மிதியடிக்கு அடியில் மிதிபட்டுக் கிடக்கிற வயர் நன்றாகப் பூத்தது. டோஸ்டருக்குள் ரொட்டித் தூளைத் தட்டாமல் விட்டால் இதழ் பெரிதாக வந்தது. மிக்ஸியை ஆறவிடாமல் ஓட்டினால் ஊதா நிறம் கிடைத்தது. வேலை முடிந்த பிறகும் பிளக்கைக் கழட்டாமல் விட்டால் காலையில் நிச்சயம் மொட்டு இருந்தது. ஆகவே யாரும் எதையும் கழட்டவில்லை. பரணில் கிடந்த பழைய ரைஸ் குக்கர்களைக் கீழே இறக்கினார்கள். நல்ல வயரைச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டு நைந்த வயரைக் கேட்டு வாங்கி வந்தார்கள். நாச்சிமுத்து ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் சொருகி, அதில் இன்னொன்றைச் சொருகி, சமையலறை முழுக்கக் கொடி ஓடவிட்டு, வருகிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

துளசிமணி வேறு யாரையும் விட அதிகமாகச் செய்தாள். அவள் பூவைத் தலையில் வைக்கவில்லை, தொடுக்கவில்லை, விற்கவில்லை. பறித்ததை எல்லாம் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டுக் கிட்டுசாமியின் நாற்காலிப் பக்கத்தில் வைத்தாள். அவர் முகம் மாறிப்போயிருந்தது. காலையில் தானே ஷேவ் செய்துகொண்டார், வழியில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசினார், அவள் மாவு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வாசலில் நாற்காலியைப் போட்டுக் காத்திருந்தார். கிண்ணம் ஒருநாள் குறைந்தாலும் அந்த முகம் பழையபடி சுவரைப் பார்க்கப் போய்விடுமே என்று அவளுக்குப் பயம். அதனால் கிரைண்டர் சொருகின பாக்ஸிலேயே ஃபிரிட்ஜையும் சொருகினாள், மிக்ஸியையும் சொருகினாள், தண்ணீர் சுட வைக்கிற கெட்டிலையும் சொருகினாள். பாக்ஸ் சுட்டது. சுட்டால் நிறையப் பூக்கும் என்று அதன்மேல் ஒரு துணியை மடித்துப் போட்டாள்.

ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில், கை நுழையாத சந்தில், அந்தப் பாக்ஸின் பின்பக்கத்தில் ஒரு பூ பூத்தது அவளுக்குத் தெரியாது. முன்னால் பூத்ததை எல்லாம் தினமும் பறித்தாள். பின்னால் பூத்தது பறிபடாமல் இருந்து, இதழ் உதிர்ந்து, பிஞ்சு வைத்து, பிஞ்சு காயாகி, அந்தச் சூட்டிலேயே மெதுவாக முற்றிக்கொண்டிருந்தது.

ஆடி பிறந்து காற்று சன்னலை ஆட்டத் தொடங்கிய ஒரு முற்பகலில் துளசிமணி கிரைண்டரை ஓடவிட்டுவிட்டு, அரை மணியில் வந்துவிடுவேன் என்று சொல்லி, மாவுத் தூக்கை எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனாள். கிட்டுசாமி முன்னறையில் இருந்தார். வாசம் வழக்கத்தை விட அதிகமாக வந்தது, அவர் சிரித்துக்கொண்டார். இன்னும் அதிகமானது, அவர் கண்ணை மூடிக்கொண்டார். அறை முழுக்க அது நிறைந்து, உடம்பெல்லாம் லேசாகி, அசைய வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் அவர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். வீட்டுக்குள் அப்போது ரப்பர் உருகிக்கொண்டிருந்தது, பிளாஸ்டிக் கருகிக்கொண்டிருந்தது, மூக்கு இருக்கிற எவரும் கத்திக்கொண்டு ஓடி வந்திருப்பார்கள். அவருக்கு அதெல்லாம் எட்டவில்லை, பூ வாசம் மட்டும்தான் எட்டியது.

பிறகு வாசம் மாறிற்று. பூ வாசம் போய், பலாப்பழத்தைக் கோணிக்குள் வைத்தால் வருகிற, தொண்டையைப் பிடிக்கிற முற்றிய பழ வாசம் வந்தது. அவர் கண்ணைத் திறந்தார். பூ எப்படிப் பழுக்கும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே நாற்காலியைச் சமையலறை வாசலுக்கு உருட்டினார்.

ஃபிரிட்ஜின் ஓரத்தில், கத்தரிக்காய் அளவில், சிவந்து, உள்ளே விளக்கு எரிவது போல வெளிச்சம் தெரிகிற ஒரு பழம் தொங்கிக்கொண்டிருந்தது. தோல் கீறல் விட்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெடித்தது. விதைகள் நாலாபக்கமும் தெறித்தன. ஒவ்வொரு விதையும் ஒரு பொறி. ஒன்று பாக்ஸின் மேல் கிடந்த துணியில் விழுந்தது, ஒன்று பழைய பேப்பர் கட்டில் விழுந்தது, ஒன்று அரிசிச் சாக்கில் விழுந்தது. விழுந்த இடத்திலெல்லாம் உடனே முளைத்தது. அடுப்பு மேடைக்கு அடியில், அரிசிச் சாக்குக்கு இரண்டடி தள்ளி, சிலிண்டர் இருந்தது.

"நஸீமா!" என்று கத்தினார் கிட்டுசாமி. கத்திக்கொண்டே துணி காயப்போடுகிற மூங்கில் கோலை எடுத்தார். மெயின் சுவிட்ச் சமையலறை வாசலுக்கு மேலே, நிற்கிற ஆளுக்குத்தான் எட்டுகிற உயரத்தில் இருந்தது. உட்கார்ந்தபடியே கோலை நீட்டி அதன் நாக்கைத் தட்டினார், தவறிற்று, மறுபடி தட்டினார், தவறிற்று, மூன்றாம் முறை கோலின் நுனி பட்டு டப்பென்று கீழே வந்தது. கிரைண்டர் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது. அதற்குள் அரிசிச் சாக்கு எரியத் தொடங்கியிருந்தது. அவர் நாற்காலியோடு உள்ளே போய், குனிந்து, சாக்கின் எரியாத முனையைப் பிடித்து இழுத்து, சிலிண்டர் பக்கமிருந்து நடுத்தரைக்குக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு கையும் சுட்டது.

நஸீமா ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் நாச்சிமுத்து ஒரு குடம் தண்ணீரோடு வந்தார்.

"தண்ணி வேண்டாம்! வயரு கெடக்குது, ஊத்தாதீங்க! மணலு கொண்டாங்க, மணலு!" என்று கத்தினார் கிட்டுசாமி.

மாடிப்படிக்குக் கீழே சிவப்பு வாளிகளில் மணல் எப்போதோ வைத்தது. வருஷக்கணக்கில் யாரும் தொடாததால் நஸீமா அவற்றில் கற்பூரவல்லி நட்டு வைத்திருந்தாள், அது வாளி தெரியாமல் தழைத்திருந்தது. இப்போது அவளே செடியை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டினாள். நாச்சிமுத்து குடத்தைப் போட்டுவிட்டு அடுத்த வாளியைத் தூக்கினார். ரெஜினா டீச்சர் அன்றைக்கு லீவு, மூன்றாம் மாடியிலிருந்து செருப்பில்லாமல் இறங்கி வந்து கிட்டுசாமியின் நாற்காலியைப் பின்னால் பிடித்து இழுத்து வெளியே கொண்டுபோனாள். மணலின் கீழே தீ கொஞ்ச நேரம் முனகிவிட்டு அடங்கிப் போயிற்று.

துளசிமணி திரும்பி வந்தபோது பிளாக் முழுக்க வாசலில் நின்றது. நடுவில் கிட்டுசாமி முகமெல்லாம் கரியாக, கையில் வெள்ளைத்துணி சுற்றி, உட்கார்ந்திருந்தார். அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பூ இல்லாட்டி உங்க மொகம் மறுக்காவும் அப்புடியே ஆயிரும்னு பயந்துட்டனுங்க" என்றாள். "அதுதான் ஒண்ணு மேல ஒண்ணு சொருகினேன்."

"எனக்குத் தெரியும் மணி. தெரிஞ்சுதான் நானும் சும்மா இருந்தேன்." அவர் குரல் தாழ்ந்தது. "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. வாசம் ஏற ஏற எனக்கு நாற்காலிய உருட்டீட்டு வரோணும்னே தோணலை. இன்னுஞ் சித்த நேரம் மோந்துக்கலாம், இன்னுஞ் சித்த நேரம்னுதான் இருந்துச்சு. எனக்கு நெருப்பை விட அதுதான் பயமா இருக்குது."

ரெஜினா டீச்சர் மெதுவாக, "இவங்க வீட்டுல காய்ச்சிருக்குதுன்னா நம்ம வீட்டுலயும் காய்ச்சிருக்குமே" என்றாள்.

அடுத்த நிமிஷம் படிக்கட்டெல்லாம் காலடிச் சத்தம். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஃபிரிட்ஜை நகர்த்தினார்கள், மேடையை இழுத்தார்கள், மிதியடியைத் தூக்கினார்கள், இடி உருளுவது போல எட்டாம் பிளாக் முழுக்கச் சத்தம் உருண்டது. நஸீமா டோஸ்டரைக் கவிழ்த்தாள், உள்ளே ரொட்டித் தூளுக்கு நடுவில், கூட்டில் கிடக்கிற முட்டைகள் போல மூன்று காய்கள். டீச்சர் கெட்டில் வயரை மிதியடிக்கு அடியிலிருந்து உருவினாள், நசுங்கின இடத்தில் ஒரு பிஞ்சு. இரண்டாம் மாடியில் ஒருத்தி இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பக்கத்தில் மடித்து வைத்த கைப்பிடித் துணியை எடுத்தால், துணியில் பழத்தின் சூடு பட்டு வட்டமாகப் பழுப்பேறியிருந்தது. நாச்சிமுத்து தன் வீட்டுக் கொடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய பாக்ஸ்களின் அடியில், திராட்சைப் பந்தலில் தொங்குவது போல, எண்ண முடியாமல் தொங்கின. சில சிவக்கத் தொடங்கியிருந்தன. அவருடைய சின்னப் பேத்தி பகலில் தூங்குகிற பாய் அதற்கு நேர் கீழே விரித்திருந்தது.

ஒவ்வொருவராகப் பிளக்கைக் கழட்டினார்கள். கழட்டினதும் காய்கள் பெருமூச்சு விட்டது போலச் சுருங்கி, வற்றல் மாதிரி வதங்கி, ஒரு சிட்டிகைச் சாம்பலாக உதிர்ந்தன. பெருக்கி அள்ளிக் கொட்டினார்கள்.

ஆனாலும் மறுநாள் காலை தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சங்கம் கூடியபோது, பூவை விட்டுவிட எல்லாருக்கும் மனம் வந்துவிடவில்லை. இவ்வளவு அழகான ஒன்று உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் நமக்கென்று வந்திருக்கிறது, அதை ஏன் துரத்த வேண்டும் என்றார்கள் சிலர். நாச்சிமுத்துவின் மனைவி, பூவைப் பறித்துக்கொண்டு காயை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ளிவிட்டால் போதாதா என்று கேட்டாள். பலருக்கு அது நியாயமாகப் பட்டது. தலைகள் ஆடின.

கிட்டுசாமி கையைத் தூக்கினார், கட்டுப் போட்ட கை. "ஏனுங்க, நான் ஒண்ணு பேசலாங்களா? இந்தப் பிளாக்குல பூ வேணும்னு கேக்கறதுக்கு ஒருத்தனுக்குப் பாத்தியதை இருக்குதுன்னா அது எனக்குத்தான். உங்களுக்கு அது போனா மல்லி இருக்குது, சாம்பிராணி இருக்குது, ரசம் தாளிக்கற வாசம் இருக்குது. எனக்கு அது போனா ஒண்ணுமே கெடையாது. நான் சொல்றேன், கழட்டிருங்க. பறிக்கற கை எல்லா எடத்துக்கும் எட்டாதுங்க. பின்னாடி பூக்கறதை யாரு பறிப்பீங்க?"

நாச்சிமுத்து எழுந்து நின்றார். எதையோ சொல்ல வாயெடுத்தார், பேத்தியின் பாய் ஞாபகம் வந்திருக்க வேண்டும், "செயலாளர்ங்கற மொறையில மொதல்ல என்ற வீட்டுதைக் கழட்டீட்டு வாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு எட்டாம் பிளாக்கில் வாழ்க்கை கொஞ்சம் மாறிப் போனது, மாறினது யாருக்கும் பாரமாகவும் இல்லை. சூடாகிற சாமான் ஒவ்வொன்றும் சுவரில் தனித்தனியாகப் போய் உட்கார்ந்தது. நைந்த வயர்களைச் சுருட்டிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் போகிறவர்கள் சுவர்க்கடிகாரத்துக்குப் பதில் கனமான நல்ல வயர் ஒன்றைத் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொண்டுபோனார்கள். மாடிப்படிக்குக் கீழே வாளிகளில் புது மணல் வந்தது, நஸீமாவின் கற்பூரவல்லிக்குத் தனித் தொட்டி வந்தது. காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற வழக்கம் போய், "கழட்டியாச்சுங்களா?" என்று கேட்கிற வழக்கம் வந்தது. "ஆச்சுங்க" என்று பதில் சொல்லிவிட்டு நடந்தபடியே ஒருமுறை திரும்பி வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஓடுகிற மெஷினைத் தனியாக விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று ஆனபோது, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று, சும்மா எப்படி உட்கார்ந்திருப்பது என்று பக்கத்து வீட்டாரைப் பேச்சுக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று. கிரைண்டருக்குத் துணை, ஓவனுக்குத் துணை என்று சொல்லி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஆட்கள் போய்வந்தார்கள். வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த இரண்டு ஓரகத்திகள் ஒரு கேக் வேகிற நேரத்துக்குள் ராசியாகிவிட்டார்கள். துளசிமணியின் கிரைண்டருக்குக் கிட்டுசாமிதான் துணை. சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, ஓரத்தில் ஒட்டினதை வழித்துவிட்டுக்கொண்டு, நேரம் ஆனதும் தானே நிறுத்தி, தானே பிளக்கைக் கழட்டி, வயரைத் தொட்டுப் பார்த்து, குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்வார். அதற்குப் பிறகுதான் அவள் தூக்கை எடுத்துக்கொண்டு புறப்படுவாள்.

பூ நின்றுபோயிற்று. பித்தளைக் கிண்ணம் அலமாரிக்குப் போயிற்று. முதல் சில நாட்கள் கிட்டுசாமி மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். துளசிமணி பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மத்தியானம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "பருப்புல பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா விழுந்துருச்சுங்க, மொதல்ல அதுதான் மோதுது, அப்பறமா நெய்யி வருது, கடைசியில சீரகம்" என்றாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "நெய்யி எப்படி, உருக்குனதா, கட்டியா?" என்றார். அவள் குனிந்து இன்னொரு முறை மோந்து பார்த்துவிட்டு, "உருக்குனது, முருங்கைத் தழை போட்டு உருக்குனது" என்றாள். அதிலிருந்து தினமும் அவள் சொன்னாள், அவர் சாப்பிட்டார். அவள் மாவு கொடுக்கப் போன தெருவில் எந்த வீட்டில் மீன், எந்த வீட்டில் புதுப் பெயிண்ட், எந்தத் திருப்பத்தில் வேப்பம்பூ என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவாள். மோந்தறியாத ஜனங்கள் நாங்கள்தான், துளசிக்கா சொல்லித்தான் எங்கள் குழம்பில் இவ்வளவு இருப்பதே எங்களுக்குத் தெரிகிறது என்று நஸீமா சொல்வாள்.

தை மாதத்தில் ஒரு சாயங்காலம், ரெஜினா டீச்சர் மேலேயிருந்து கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். "துளசிக்கா! அண்ணனைக் கூட்டிட்டு வாங்க! என்ற கெட்டில்ல மொட்டு விட்டிருக்குது!"

"கழட்டலீங்களா டீச்சர்?" என்று நாலு வீட்டிலிருந்து நாலு குரல் பதறியது.

"சுவிட்சுல கையை வெச்சுக்கிட்டு நாச்சிமுத்து சார் நிக்கறார். இப்பத்தான் மொட்டு. அண்ணன் வந்து ஒருக்கா பாத்துறட்டும், அப்பறம் கழட்டீரலாம்."

பிளாக்கில் லிஃப்ட் கிடையாது. கிட்டுசாமி, வேண்டாம், எதுக்கு சிரமம் என்று சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றி, நாலு காலையும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். உற்சவர் மாதிரி அவர் ஆடி ஆடி மேலே போனார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கதவு திறந்து ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள், துளசிமணி பின்னாலேயே, பாத்து, பாத்து என்று சொல்லிக்கொண்டு ஏறினாள்.

டீச்சரின் சமையலறையில், மாற்ற மறந்திருந்த பழைய கெட்டில் வயரில், பிளக்கின் கழுத்தில், அரிசிமணிப் பருமனில், வெள்ளையாக ஒரு மொட்டு இருந்தது. பக்கத்தில் நாச்சிமுத்து சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு, வியர்த்துப்போய், காவல்காரன் மாதிரி நின்றுகொண்டிருந்தார். நாற்காலியைக் கீழே இறக்கினார்கள். கிட்டுசாமி முன்னால் சாய்ந்து, முகத்தை அதனிடம் கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு மூச்சு, நீளமாக, நெஞ்சு நிறைய, ஒரே ஒரு மூச்சு இழுத்தார். துளசிமணி அவர் தோளில் கையை வைத்திருந்தாள். அந்தத் தோள் ஏறுவதும் மெல்ல இறங்குவதும் அவளுக்குக் கையில் தெரிந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். "போதும்" என்றார். நாச்சிமுத்து சுவிட்சை அணைத்தார். கிட்டுசாமி கையை நீட்டிப் பிளக்கைப் பிடித்து, தானே உருவி எடுத்தார். மொட்டு மூடிக்கொண்டது, சாம்பலாக அவர் உள்ளங்கையில் உதிர்ந்தது, அவர் அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இந்த வயரு இனி ஆகாதுங்க டீச்சர். வேற மாத்தீருங்க."

"நாளைக்கே மாத்தீர்றேன்" என்றாள் டீச்சர். வந்தவர்கள் வந்ததுதான் வந்தார்கள் என்று கேஸ் அடுப்பைப் பற்றவைத்துப் பெரிய சட்டியில் டீ போட்டாள், இஞ்சி தட்டிப் போட்டாள், ஏலக்காய் போட்டாள், அது கொதித்து முடிகிற வரைக்கும் எல்லாரும் சமையலறையிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவளே முதல் டம்ளரைக் கொண்டுவந்து கிட்டுசாமி கையில் கொடுத்தாள். அவர் ஊதி ஊதிக் குடித்தார்.

"டீ எப்படிங்கண்ணா இருக்குது?"

கிட்டுசாமி இரண்டு கையாலும் டம்ளரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நல்ல சூடா இருக்குதுங்க டீச்சர்" என்றார்.